கால் மாற்றிய மேஜை

நம் வயதுக்காரர்கள் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு உடம்பில் வந்துதான் நிற்கிறது. ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குச் சர்க்கரை, எல்லோருக்கும் கண். போன மாதம் பழைய காலனிக்காரர்கள் நாலைந்து பேர் ஓர் ஓட்டலில் சந்தித்தோம். ஒரு தோழி சாப்பாட்டுப் பட்டியலைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து, எழுத்து தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். கண் என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு ஒரு மேஜைதான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். நீங்களும் பூனா பக்கத்து அந்த நிக்டி மழைகளைப் பார்த்தவர்கள்தானே.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினைந்து, பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். இரண்டே அறை. மழை தொடங்கினால் ஜூனில் நனைந்த சுவர் அக்டோபரில்தான் காயும். சமையலறைக் கொடியில் எங்கள் பள்ளிச் சீருடைகள் தொங்கிக்கொண்டே இருக்கும். எதைப் போட்டுக்கொண்டாலும் தாளித்த வாசனை அடிக்கும்.

அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு படிப்பாள். படிக்கப் படிக்கக் குனிந்துகொண்டே போவாள். கடைசியில் பின்னல் தரையில் கிடக்கும், மூக்கு தாளைத் தொடும். எழுதி முடித்து நிமிர்ந்தால் மூக்கு நுனியில் மை இருக்கும். அவளை "மைமூக்கி" என்று கூப்பிடுவேன். பதிலுக்கு என்னைக் கிள்ளுவாள்.

அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முதுகில் ஒன்று வைப்பாள். "நிமிந்து குந்துடி. கூன் வுழுந்தா எவன் கட்டுவான்?"

அக்கா நிமிர்வாள். அம்மா சமையலறைக்குள் போனதும் மறுபடியும் குனிவாள்.

எதற்கும் அளவெடுத்துப் பார்த்துத்தான் நைனா பேசுவார். கதவு உரசினாலும் அளவு, குழாய் ஒழுகினாலும் அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்பு டேப்பை எடுத்துவந்து அக்காவை உட்காரச் சொல்லித் தரையிலிருந்து அவள் முழங்கை வரை அளந்தார். முழங்கையிலிருந்து கண் வரை அளந்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.

"தப்பு அவ மேல இல்ல," என்றார் அம்மாவிடம். "கீழ குந்தி படிச்சா யாரா இருந்தாலும் குனியத்தான் செய்வாங்க. ஒரு மேஜை இருந்தா சரியாப் பூடும். நானே செய்யறேன்."

தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் எந்திரம் வந்து இறங்கியிருந்தது. அது வந்த பெட்டியை உடைத்த பலகைகளில் நாலு, முறையாகச் சீட்டு எழுதி வாங்கி, வீட்டுக்கு வந்தன. வெளிர் மஞ்சள் நிறம். மூக்கை வைத்து முகர்ந்தால் சாம்பிராணிபோல் ஒரு வாசனை. ஒரு பலகையில் கறுப்பு மையில் குடைப் படம் அச்சிட்டிருந்தது. மேலே பலகை ஆயிற்று, காலுக்கு என்ன செய்வது என்று நைனா யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் முதல் மழை அடித்தது. பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய வேம்பு சாய்ந்தது. நகராட்சி ஆட்கள் அடிமரத்தை அறுத்து ஏற்றிக்கொண்டு கிளைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். நைனா நனைந்துகொண்டே அந்தக் குவியலில் தேடி, கிட்டத்தட்ட ஒரே பருமனில் நாலு கிளைகளை எடுத்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். எதுவும் நேராக இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு, ஒரு முடிச்சு.

"வளைஞ்சி இருக்கே," என்றாள் அம்மா.

"இருக்கட்டும். மரம் எப்படி வளந்துச்சோ அப்படியே நிக்கட்டும். அதான் அழகு."

கொய்தாவை, அந்தக் கனத்த அரிவாளை, வைத்துப் பட்டையை உரித்தார். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, தொட்டால் வழுக்குகிற மரம். மூன்று நாள் வீடு முழுக்கக் கசப்பு வாசனை. சோறுகூடக் கசக்கிறது என்றாள் அம்மா.

கால்களைப் பொருத்தியதை இன்றும் படிப்படியாகச் சொல்ல முடியும் எனக்கு. பலகைகளைச் சேர்த்து அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் கொடுத்தார். சட்டத்தையும் பலகையையும் சேர்த்து, மூலைக்கு ஒன்றாக நாலு துளைகள் போட்டார், நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக. கிளையின் தலையைச் சீவி, அரத்தால் ராவி, துளைக்குள் இறுக்கமாகப் போகிற அளவுக்கு உருட்டினார். தலையில் ரம்பத்தால் ஒரு வெட்டு விட்டார். காலைத் துளைக்குள் அடித்து இறக்கி, மேஜையைத் திருப்பி, மேலே எட்டிப் பார்க்கிற அந்த வெட்டுக்குள் ஓர் ஆப்பைச் செருகித் தட்டினார். ஆப்பு இறங்க இறங்க மரம் முனகும். மீதி நீண்டிருந்ததை அறுத்து வழவழவென்று தேய்த்தார். நாலு காலும் நான்கு பக்கம் விரிந்து நின்றன. கடைசியில் மேலே ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாத வரை கால்களின் அடியை இழைத்தார்.

"ஒரு ஆணிகூட கிடையாது," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். புத்தகத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நிமிர்ந்திருந்தாள். பிறகு குனிந்தாள், பழையபடி மூக்கு தாளில் படும் வரைக்கும்.

நைனா முகம் விழுந்துவிட்டது. "பழக்கம். மாற நாளாவும்," என்றார்.

நாள் ஆனது. பழக்கம் மாறவில்லை. கால்கள்தான் மாறின. ஈர மரம் உள்ளே காயக் காயச் சுருங்கி, ஜூலை முடிவதற்குள் துளைக்குள் லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. அக்கா எழுதினால் மேஜையும் கூடவே எழுதும். நைனா ஆப்பை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். ஒரு காலின் தலை பிளந்தது. தொழிற்சாலைத் தச்சர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பச்சை மரத்தில் யாராவது கால் வைப்பார்களா என்று சிரித்துவிட்டுப் போனார். நைனாவுக்கு அவமானம். ஆனால் அந்த அவமானத்திலேயே அவருக்கு ஒரு விடையும் கிடைத்துவிட்டது.

"ஆடற மேஜையில எப்படி நிமிந்து குந்துவா? அத்தோட உயரமும் பத்தல. நாலு அங்குலம் ஏத்தணும். காஞ்ச மரமா பாத்து மாத்திடறேன்."

எதிர்வீட்டில் ஒரு மராத்திக்கார அம்மா இருந்தார். காகு என்று கூப்பிடுவோம். பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒருநாள் சர்க்கரை வாங்க வந்தவர், அக்கா எழுதுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வஹினி, முலீலா சஷ்மா பாஹிஜே," என்றார். அண்ணி, பெண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

அம்மா சர்க்கரையைக் கொடுத்துவிட்டுச் சிரிக்காமல் கதவைச் சாத்தினாள். "கண்ணாடி போடணுமாம் கண்ணாடி. அவ வூட்ல பொண்ணு இருந்தா தெரியும்."

அம்மாவை அன்று நான் மனதுக்குள் திட்டினேன். அம்மாவின் தங்கை ஒருத்தி சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி போட்டவள். அந்தக் கண்ணாடியைப் பார்த்தே இரண்டு வரன்கள் எழுந்து போயின என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அக்காவின் கண் விஷயம் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் கதவைச் சாத்தினாள்.

காகு சொன்னது நைனா காதிலும் விழுந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை. "மொதல்ல மேஜைய சரி பண்ணிடலாம். அதுக்கப்புறமும் குனிஞ்சா கண்ண காட்டலாம்," என்றார். எந்திரத்தில் கோளாறு என்றால் ஒவ்வொன்றாகத்தான் பார்த்து விலக்க வேண்டும் என்பது அவர் தொழில். அதில் தப்பும் இல்லை. அக்காவின் கண்ணுக்குத்தான் அந்த வரிசை பொருந்தவில்லை.

சிஞ்ச்வடில் ஒரு வக்காரில், அதாவது விறகுக் கிடங்கில், ஒரு வருஷம் காய்ந்த கருவேலங்கிளைகள் கிடைத்தன. இரும்பைப் போன்ற கனம். பட்டை உரித்தால் உள்ளே செம்பழுப்பு. கொய்தா பட்டால் சின்னச் சில்லாகத்தான் தெறிக்கும். நைனா முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்து, டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை ராவிக்கொண்டிருப்பார். இரண்டு ரம்பத் தகடுகள் உடைந்தன. மேஜை கூடத்தில் கவிழ்ந்து கிடந்தது. வேம்பங்கால்களைப் பிடுங்கிய துளைகளை இந்தக் கால்களுக்காக அகலப்படுத்தியிருந்தார். நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அக்கா மறுபடியும் தரைக்கு வந்துவிட்டாள். அது பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஒரு மத்தியானம் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சட்டென்று கேட்டாள்: "மின்னல் வெட்டுச்சா?"

"இல்லியே."

"எனக்கு வெட்டுது. கண்ண மூடினாகூட ஓரமா வெட்டுது பாப்பா."

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வெட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து, கண்ணுக்கு எதிரே மயிரிழைகள் மிதப்பதாகச் சொன்னாள். சாப்பிடும்போது பருப்பில் முடி கிடக்கிறது என்று விரலை விட்டு எடுக்கப் பார்த்தாள். முடி எதுவும் இல்லை. அதற்கப்புறம், வலது கண்ணில் ஓரத்திலிருந்து யாரோ கறுப்புச் சேலையை இழுத்து மூடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "எத்தினி விரல்னு கேளு," என்றாள். நான் விரல்களைக் காட்டினேன். என் தலை தெரிகிறது, கை இல்லை என்றாள். கையை மெல்ல நகர்த்தினேன், அவள் பார்வையும் கூடவே நகர்ந்தது. இப்போது கை தெரிகிறது, தலை இல்லை என்றாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தலையில்லாத பேய்போல் ஆடிக் காட்டினேன். அவளும் சிரித்தாள். மூன்று நாள் இந்த விளையாட்டை விளையாடினோம். ஒவ்வொரு நாளும் கையை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

நாலாம் நாள் எனக்குப் பயம் வந்தது. "நைனாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லாத. மேஜை முடியட்டும். பாவம், கையெல்லாம் காப்பு காச்சிப் போச்சி. இப்போ போயி கண்ணுன்னு சொன்னா செஞ்சதெல்லாம் வீணுன்னு நைனா நெனச்சிக்கும். அம்மா வேற அழும். முடிஞ்சதும் நானே சொல்றேன்."

என் தலையில் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பத்து வயதில் அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலாவது காலின் ஆப்பும் இறங்கியது. கருவேலம் முனகவில்லை. நைனா மேஜையைப் புரட்டி நிறுத்தி, இரண்டு கையையும் ஊன்றி முழு எடையையும் போட்டு அழுத்தினார். அசையவில்லை. ஸ்டூலுக்கும் ஒரு பலகை கொடுத்து உயர்த்தியிருந்தார்.

"வாம்மா. குந்து."

அக்கா வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். முதுகை நேராக வைத்து, தலையை நிமிர்த்தி, கைகளை மேஜைமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். குனியவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம்.

நைனா அம்மாவைக் கூப்பிட்டார். "வந்து பாரு. நான் சொன்னேன் இல்ல? உயரத்துலதான் கோளாறு."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். நைனா எதிர்வீட்டுக் கதவையும் தட்டினார். காகு வந்தார். நைனா மேஜையின் காலைத் தட்டிக் காட்டினார், ஆணியே கிடையாது என்று ஹிந்தியில் சொன்னார், நிமிர்ந்திருக்கும் பெண்ணைக் காட்டினார்.

நான் கதவோரமாக நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. அவள் பக்கங்களைத் திருப்புவது எனக்கு மட்டும் வேறு மாதிரித் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டாள். படம் போட்ட பக்கத்துக்கும் அதே நேரம்.

காகு தன் வீட்டுக்குப் போய் அன்றைய மராத்திப் பேப்பரை எடுத்துவந்து அக்காவுக்கு எதிரே விரித்தார்.

"வாச் பகூ," என்றார். படி, பார்க்கலாம்.

அக்கா பேப்பரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் எட்டு வருஷம் படித்த மராத்தி. தலைப்பு எழுத்துகள் என் கட்டைவிரல் அளவுக்கு இருந்தன.

"படிச்சிக் காட்டும்மா," என்றார் நைனா சிரித்துக்கொண்டே.

அக்கா எழுத்தைப் பார்க்கக் குனியப்போனாள். பாதியில் நிறுத்தி மறுபடி நிமிர்ந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பேப்பரில் சொட்டியது. காகு ஒரு கையால் அவள் இடது கண்ணைப் பொத்திவிட்டு, இன்னொரு கையை அவள் முகத்துக்கு எதிரே ஆட்டினார். அக்கா இமைக்கவில்லை.

நைனாவின் கை மேஜை விளிம்பிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

மறுநாள் பூனாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கும் பர்தா, அதாவது விழித்திரை, கழன்று விழுந்துவிட்டது என்று ஹிந்தியில் சொன்னார். கிட்டப்பார்வை மிக அதிகமாக இருக்கிற கண்ணில் இப்படி ஆவதுண்டு என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"முந்தாநாள்லேர்ந்து," என்றாள் அக்கா.

டாக்டர் தலையை ஆட்டினார். முந்தாநாள் விழுந்த திரை இப்படி இருக்காது, இரண்டு வாரமாவது ஆகியிருக்கும், அப்போதே வந்திருந்தால் பெரும்பாலும் ஒட்ட வைத்திருக்கலாம் என்றார். திட்டும் குரலில்கூடச் சொல்லவில்லை.

நைனா வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு வாரம்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தன் உள்ளங்கையில் காப்புக் காய்த்த இடங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரே நின்றேன்.

வலது கண்ணில் அறுவை செய்தார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிற அளவுக்குத்தான் மிஞ்சியது. இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கு சோடா பாட்டில் அடிப்பாகம்போல் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்த அன்று அம்மா அவள் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு வராந்தாவும் வானமும் முதல்முறையாக விளிம்போடு தெரிந்தன. எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்களை எண்ணிச் சொன்னாள். இத்தனை நாளும் அவற்றைக் கைப்பிடிக் கம்பி என்று நினைத்திருந்தாளாம்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிவிட்டு வந்தபோது கூடத்தில் மேஜை இல்லை. நைனா ஆப்புகளை அடித்து வெளியேற்றி, கால்களைக் கழற்றி, எல்லாவற்றையும் துண்டு துண்டாக அறுத்து, காகு வீட்டு வெந்நீர் பம்புக்குக் கொடுத்துவிட்டிருந்தார். விறகு போட்டு வெந்நீர் காய்ச்சுகிற அந்தச் செப்புப் பம்பு உங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்ததுதான். கருவேலம் நின்று எரியும். நாலு நாள் அவர்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து புகை வந்தது. அதற்குப் பிறகு நைனா வீட்டில் ஒரு கருவியையும் தொட்டதில்லை. குழாய் ஒழுகினால் வெளியாளைக் கூப்பிட்டார், அவ்வளவு பெரிய ஃபிட்டர்.

அக்கா அடுத்த வருஷம் பத்தாவது எழுதித் தேறினாள். பிறகு மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆயிற்று, ஒரு பையன். கண்ணாடியைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை. நானும் கல்யாணமாகி வேறு பக்கம் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆண்டுகளில் நைனாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் நானும் அவரும் மட்டும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, அப்போ உனக்குத் தெரியுமா? அக்கா எதுனா சொன்னாளா உன்கிட்ட?"

எப்போது, எது என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதிலும் தயாராக இருந்தது.

"இல்ல நைனா," என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, என் தலையில் ஒரு நிமிஷம் வைத்திருந்தார். "சின்னப் பொண்ணு நீ. உனக்கு இன்னா தெரியும்," என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் நானும் அக்காவும் அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். அடக்க முடியாமல் சொன்னேன். அன்றைக்கே நான் நைனாவிடம் சொல்லியிருந்தால் உன் கண் இருந்திருக்கும், அவரும் கடைசிவரைக்கும் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டார், அது தெரியாமலேயே போய்விட்டார் என்று அழுதேன்.

அக்கா சட்டையின் காலரை நீவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தெரியாமலா? ஆஸ்பத்திரியில கண்ல கட்டோட படுத்துனு இருந்தேன் பாரு, அப்பவே சொல்லிட்டேன். பாப்பாவுக்குத் தெரியும், நான்தான் சத்தியம் வாங்கினேன், அவள அடிக்காத நைனான்னு சொன்னேன். நைனாவுக்கு எல்லாம் தெரியும்."

நான் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். நைனா பால்கனியில் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அக்காவிடம் அன்று சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.